ஒற்றை ஆள் மறைவுக் கூடாரம்: கதிர்க்குருவிக்கு ஐந்து நட்சத்திரம், தேன்சிட்டுக்கு ஒன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பறவை பார்க்கிறவர்கள் ‘ஹைட்’ என்று சொல்லும் மறைவுக் கூடாரம் ஒன்றை இந்தப் புரட்டாசியில் வாங்கினேன். ஒருவர் உள்ளே ஒளிந்து உட்கார்ந்து படம் எடுக்கும் அளவு. இலை அச்சிட்ட பாலியெஸ்டர் துணி, வளையும் எஃகுக் கம்பி, நாலு பக்கமும் வலை தைத்த ஜன்னல், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வட்டப் பை. விலை 1,850 ரேண்ட், கூரியர் தனி. பெட்டியில் ஒரு பெயர் போட்டிருக்கிறது. ஆனால் இதே துணி, இதே தையல், இதே பையோடு வேறு பல பெயர்களிலும் இணையக் கடைகளில் விற்கிறார்கள், அதனால் பெயரை எழுதிப் பயனில்லை. வட்டப் பையும் எஃகுக் கம்பியும் உள்ள எந்தக் கூடாரத்தை வாங்கினாலும் கீழே எழுதியிருப்பது பொருந்தும்.

மொத்தமாக மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ஆனால் அது சராசரிதான். எங்கள் வீட்டு வளாகத்தில் இந்தப் பருவத்தில் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்றில் கூடாரம் பிரமாதமாக வேலை செய்தது. இன்னொன்றில் அது இல்லாமல் இருந்ததே நல்லது.

முதலில் கூடாரத்தைப் பற்றி. இது கேமராக்காரர்களுக்காகச் செய்ததில்லை. பெட்டியில் இருக்கும் படமே ஒரு வேட்டைக்காரர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதுதான். துணியில் அச்சிட்டிருப்பது ஓக் இலை, அதுவும் காய்ந்து பழுப்பேறிய இலையுதிர்கால ஓக். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் நவம்பர் மாதம் எங்கே பார்த்தாலும் பச்சை. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே இந்தக் கூடாரத்தை நிறுத்தினால் தெருமுனையிலிருந்தே தெரிகிறது. முதல்நாள் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார். குருவிக்கு அது பொருட்டில்லை என்று பிறகு புரிந்தது. அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும் பெரிய பொருளைப் பறவை விரைவில் பழகிக்கொள்ளும். அதைக் கலவரப்படுத்துவது மனிதக் கையும் முகமும் அசைவதுதான். இலைப்படம் வாங்குகிறவரின் மனத்திருப்திக்கு. வெறும் சாக்குத்துணி நிறத்தில் கிடைத்தால் அதை வாங்குங்கள், விலையும் குறைவாக இருக்கும்.

விரிப்பது எளிது. பையிலிருந்து எடுத்ததும் தானாகத் துள்ளி நிமிரும், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பதுதான் வம்பு. கம்பியை எட்டுப் போல முறுக்கி, வளையத்தின் மேல் வளையமாக அமுக்கிப் பைக்குள் தள்ள வேண்டும். கூடவரும் தாளில் இருக்கும் படங்களைப் பார்த்து யாராலும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. மகன் ஏதோ வீடியோ பார்த்துப் பழகினான். அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நாளில் கூடாரம் விரித்தபடியே கார் கொட்டகையில் நிற்கும்.

புதுத் துணியில் ஒரு ரசாயன வாடை அடிக்கும். சில நாள் கொடியில் தொங்கவிட்டாலே போய்விடும். சோப்புத்தூள் போட்டு மட்டும் துவைக்காதீர்கள். ‘வெள்ளைக்கு வெள்ளை’ என்று விளம்பரம் செய்யும் தூள்களில் புற ஊதா ஒளியை வாங்கிப் பளிச்சென்று காட்டும் பொருள் கலந்திருக்கும். சிறு பறவைகள் பலவற்றுக்கு அந்தப் புற ஊதா ஒளியே கண்ணில் படும். நமக்கு மங்கலாகத் தெரியும் துணி அவற்றுக்கு வேறு மாதிரி எடுப்பாகத் தெரியலாம்.

அடுத்த குறை சத்தம். ஜன்னல் மூடிகள் எல்லாம் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ). விடியற்காலையில் அதைப் பிரித்தால் பக்கத்து வீட்டு நாயே குரைக்கிறது. எந்த ஜன்னல் வேண்டுமோ அதை உள்ளே போவதற்கு முன்பே திறந்து வைத்துவிட வேண்டியதுதான். வாசல் ஜிப்புக்கு மெழுகுவர்த்தி தேய்த்தேன், சரியாகிவிட்டது.

இனி கூடுகள்.

எங்கள் வளாகம் பின்பக்கம் சரிவாக இறங்குகிறது. சரிவின் கீழே இடுப்பளவு புல், அதற்கப்பால் சில்வர்க்ளென் காட்டுப்பகுதிப் பக்கம் போகும் புதர். அந்தப் புல்லில்தான் கதிர்க்குருவி கூடு கட்டியிருந்தது. ஆங்கிலத்தில் டானி பிளாங்க்ட் பிரினியா என்பார்கள். நம் ஊர் வயல்களில் வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் கதிர்க்குருவிக்குச் சொந்தக்காரன், நிறம்தான் கொஞ்சம் மாறும். எடை பத்து கிராமுக்கும் குறைவு. பச்சைப் புல்லை நார்நாராகக் கிழித்து, பக்கத்துச் செடியின் உயிருள்ள இலைகளில் துளையிட்டுக் கோத்து, பக்கவாட்டில் மேலே வாசல் வைத்துக் கட்டும் சின்னப் பை அது. புதிதாகக் கட்டும்போது அதுவும் பச்சை, சுற்றிலும் பச்சை, ஒரு முழம் தள்ளி நின்றாலும் தெரியாது. நானாகத் தேடவில்லை. குருவி வாயில் புல்லோடு ஒரே இடத்துக்குப் போய் வருவதை அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்ததில் இடம் தெரிந்தது.

அந்த நாட்களில் நான் பக்கத்தில் போகவில்லை, கூடாரமும் பையில்தான் இருந்தது. கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும் தொந்தரவு செய்தால் சிறு பறவைகள் பல கூட்டையே கைவிட்டுவிடும். அந்தக் கூட்டுக்காக அவை இன்னும் அதிகம் பாடுபட்டுவிடவில்லை, வேறு இடத்தில் புதிதாகத் தொடங்கினால் போயிற்று. குஞ்சு பொரித்து இரைகொடுக்க ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு லேசில் விடாது. அதேபோல் குஞ்சுகள் பறக்கும் தறுவாயிலும் போகக்கூடாது. இறகு முழுசாக முளைக்காத குஞ்சுகள் பயந்து ஒரேயடியாக வெளியே குதித்துவிடும், திரும்ப உள்ளே வைத்தாலும் நிற்காது. இடைப்பட்ட சில நாட்கள்தான் நமக்கு. கதிர்க்குருவிக் குஞ்சு கூட்டில் இருப்பதே சுமார் இரண்டு வாரம். கூடாரம் விற்கிற கடையின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘பறவைக்கு மிக நெருக்கமாகச் செல்லுங்கள்’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பெற்றோர் இரண்டும் வாயில் பச்சைப் புழுவோடு போக ஆரம்பித்த பிறகு கூடாரத்தைச் சரிவின் மேல்முனையில், கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி விரித்தேன். மறுநாள் சில அடி கீழே. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பி பைனாகுலரில் பார்ப்பேன். கதிர்க்குருவியிடம் ஒரு வசதி உண்டு, பிடிக்கவில்லையென்றால் வாயை மூடாமல் திட்டும். புல் நுனியில் ஏறி வாலை ஆட்டி ஆட்டிக் கத்தும். கத்தல் நின்று, இரையோடு நேரே கூட்டுக்குள் தலையை விட்டால், நம்மை ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அரைமணி ஆகியும் உள்ளே போகவில்லையென்றால் கூடாரத்தைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியதுதான், பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் ஆறு மீட்டர் தூரத்தில் நிறுத்தினேன். என்னிடம் இருக்கும் 400 மில்லிமீட்டர் லென்சுக்கு அது போதும்.

உள்ளே போவதற்குப் பழைய காலத்து உத்தி ஒன்று இருக்கிறது. இரண்டு பேராகப் போய், ஒருவர் உள்ளே நுழைய, மற்றவர் பறவை பார்க்கும்படி திரும்பி நடக்க வேண்டும். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. எனக்குத் துணை வந்தது அத்தை. எண்பதைத் தாண்டிய மாமியார், அவருடைய தாத்தா இந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தபோது கொண்டுவந்த தமிழை இன்னும் பேசுகிறவர். கைத்தடியை ஊன்றிச் சரிவில் இறங்கி, நான் உள்ளே போனதும், “நான் போறேன், போறேன், நீ வா” என்று குருவிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே மேலே ஏறுவார். ஒருநாள் பாதி வழியில் திரும்பி நின்று, “உள்ள என்னம்மா சாப்புடுவ?” என்று கேட்டார். கதிர்க்குருவி ஏமாறவில்லை, மறுபடி திட்ட ஆரம்பித்தது.

இங்கே நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். திருவாரூரில் வளர்ந்த எனக்கு அது இன்றுவரை பழகவில்லை. ஐந்தரைக்கு உள்ளே போனால் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குமேல் உள்ளே இருக்கவும் முடியாது. மேலே காற்றோட்டத்துக்கு வழியே இல்லை, டர்பன் ஈரக்காற்றில் கண்ணாடியும் லென்சும் சேர்ந்து வேர்க்கின்றன. கேமராவைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோனால் ஆவி படியாது. தரைத்துணி கிடையாது, எறும்பு வரும். கீழே ஒரு பழைய கோணிப்பை விரித்தேன்.

ஜன்னல் உயரம் துப்பாக்கிக்கு ஏற்றது, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். கதிர்க்குருவிக் கூடு பெரும்பாலும் அதற்கும் கீழேதான் இருக்கும். என் நல்ல காலம், கூடாரம் சரிவில் இருந்தது, கூடும் சரிவில் இருந்தது. கூடாரத்தைக் கூட்டுக்குக் கீழ்ப்பக்கம் நகர்த்தியதும் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. சமதரை வளாகம் உள்ளவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழ் ஓரத் துணியைத் தூக்கி லென்சை விட வேண்டியிருக்கும்.

படங்கள் நன்றாக வந்தன. ஓசையில்லாத ஷட்டர், ஃபிளாஷ் கிடையவே கிடையாது. வாயில் வெட்டுக்கிளியோடு வரும் தாய், அடுத்த நொடியில் குஞ்சின் எச்சத்தை வெள்ளைப் பையாக அலகில் தூக்கிக்கொண்டு வெளியே போவது, அப்பா வரும்போது மட்டும் வால் அதிகமாக ஆடுவது எல்லாம் கிடைத்தது. கூட்டுக்கு முன்னால் ஒரு புல் குறுக்கே நின்றதால் பாதிப் படங்களில் பச்சைக் கோடு. அந்தப் புல்லை வெட்டியிருந்தால் படம் சுத்தமாக வந்திருக்கும், கூடும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடந்திருக்கும். ஒன்றிரண்டு புல்லை நூலால் ஓரமாகக் கட்டிவிட்டுப் படம் எடுத்ததும் அவிழ்த்துவிடலாம், அதற்குமேல் கை வைக்கக் கூடாது. பல போட்டிகளிலும் புகைப்படக் குழுக்களிலும் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. இப்படிக் கத்தரிக்கோல் எடுத்த ஆட்களால் வந்த வினை அது.

முட்டையை நான் படம் எடுக்கவில்லை, கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவுமில்லை. ஆனால் இந்தக் குருவியின் முட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டதால் ஆசை இருந்தது. ஒரு பெண் இடும் முட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அடுத்த பெண்ணுடையது முற்றிலும் வேறு. வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு, அதன்மேல் கிறுக்கல்கள். காரணம் குயில் பிஞ்ச் என்கிற ஒட்டுண்ணிப் பறவை. அது கதிர்க்குருவிக் கூட்டில் தன் முட்டையைத் திருட்டுத்தனமாக வைத்துவிட்டுப் போகும். தன் முட்டையின் நிறமும் கோலமும் தெரிந்த தாய், வேற்று முட்டையைக் கண்டுபிடித்து வெளியே தள்ளும். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் என்னும் ஆய்வாளர் ஜாம்பியாவின் சோமா பகுதியில் வருஷக்கணக்காக இதை ஆராய்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் எட்டிப் பார்க்காமலே ஒரு கூட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறதே என்று எனக்குத் திருப்தி.

சரி, தேன்சிட்டுக்கு வருவோம். அதனால்தான் நட்சத்திரம் குறைகிறது.

முன் வராண்டாவின் ஓரத்தில், பழைய பூத்தொட்டி தொங்கவிட்டிருந்த கம்பியில், அமெதிஸ்ட் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. ஆண் கன்னங்கரேல், வெயில் பட்டால் மட்டும் தொண்டையில் ஊதா மின்னும். பெண் பழுப்பு, மார்பில் கோடுகள். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்ணின் வேலை. ஆண் எதிர் வீட்டு கல்யாண முருங்கையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும், குஞ்சு பொரித்த பிறகு எப்போதாவது இரை கொண்டுவரும். சிலந்தி நூலால் சருகையும் நாரையும் ஒட்டி, வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் இறக்கி, அத்தையின் பழைய சுருக்குப் பை போலத் தொங்கும் கூடு. தென்னிந்தியத் திண்ணைகளில் தேன்சிட்டுக் கூடு பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இந்த வராண்டாவில் நாங்கள் நாள் முழுக்க நடமாடுகிறோம். காலையில் வாசல் தெளிக்கிறோம், சாயங்காலம் விளக்கு ஏற்றுகிறோம், செருப்பைத் தேடுகிறோம். தேன்சிட்டு எங்களைச் சட்டை செய்வதில்லை. ஆள் நடந்தால் உள்ளேயே இருக்கும், ஆள் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் பறந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் கூடாரத்தைக் கொண்டுபோய் வைத்ததும் அதற்கு வந்ததே சந்தேகம்! மனிதர்களைத் தெரியும், கூடாரத்தைத் தெரியாது. வாயில் சிலந்தியோடு கம்பிக்கு எதிரே இருக்கும் கேட்டில் உட்கார்ந்து கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சுகளின் சத்தம். நான் உடனே கூடாரத்தை மடிக்கச் சொல்லிவிட்டேன். மடிக்க மகன் எடுத்துக்கொண்ட நேரத்தில் தேன்சிட்டு அவன் தலைக்கு மேலேயே பறந்து கூட்டுக்குள் போய்விட்டது.

அதன்பிறகு தேன்சிட்டை வரவேற்பறை ஜன்னலிலிருந்து எடுத்தேன். திரைச்சீலையை இரண்டு ஊக்கு வைத்துச் சேர்த்து நடுவே லென்சுக்கு மட்டும் இடம் விட்டால் போதும், செலவு பூஜ்யம். மின்விசிறி உண்டு, தேநீர் உண்டு. ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வையுங்கள், கண்ணாடி வழியாக எடுத்தால் படம் மங்கும். வீட்டை ஒட்டிக் கூடு கட்டும் பறவைக்கு வீடே நல்ல மறைவு, காரும் அப்படித்தான். இதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு கூடாரம் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஓக் இலைத் துணிக்குள் விடியற்காலையில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அக்கம்பக்கத்தார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரமே கூடாரத்தின் படம் வந்துவிட்டது, கீழே ‘இது யார்?’ என்று. காவல் நிறுவன வண்டி ஒன்று கேட்டில் வந்து நின்றது. அத்தைதான் வெளியே போய், “என் மருமக பட்சி பாக்குறா” என்று தமிழிலேயே விளக்கினார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுப் போனார்கள். குழுவில் முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிடுவது நல்லது.

குரங்குகளுக்கு எந்தக் குழுவில் என்ன எழுதிப் போடுவது என்றுதான் தெரியவில்லை. டர்பன் வெர்வெட் குரங்குகள் நாம் எங்கே அடிக்கடி போகிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு இரை. அதனால் கூட்டுக்கு நேரே மிதித்து ஒற்றையடிப் பாதை உண்டாக்கக் கூடாது. நான் சுற்றுவழியாகப் போய், கூட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்து, திரும்பி வருவேன். கூடாரத்துக்குள் பழம், பிஸ்கட் எதுவும் கிடையாது. அப்படியும் ஒரு குட்டிக்குரங்கு கூரைமேல் குதித்தது. கம்பி வளைந்து என் தலையில் இடித்து, மறுபடி தானே நிமிர்ந்துவிட்டது. கம்பிக்கு மட்டும் முழு மதிப்பெண்.

வாங்கியதும் நான் செய்த ஒரே பெரிய மாற்றம் உள்பக்கக் கறுப்புத் துணி. இந்த விலைக் கூடாரங்களில் துணி மெல்லிசு. முதுகுப்பக்கம் சூரியன் இருந்தால் உள்ளே இருப்பவரின் நிழல் அப்படியே துணியில் விழும், கையைத் தூக்கினால் பொம்மலாட்டம் மாதிரி தெரியும். துணிக்கடையில் கறுப்புப் பருத்தித் துணி வாங்கி பின்பக்கமும் இரு பக்கமும் ஊசிநூலால் தைத்தேன். கறுப்புச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். 3,000 ரேண்டுக்கு மேல் போனால் உள்ளே கறுப்புப் பூச்சு பூசிய கூடாரமே கிடைக்கிறது. தையல் வராதவர்கள் அதையே வாங்கலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடவரும் முளைக் கம்பிகள் விரல் நீளம்தான், தென்மேற்குக் காற்று கிளம்பினால் கூடாரம் கூட்டின் மேலேயே போய் விழுந்துவிடும். நான் பால்கனிக் கொடி கட்டும் கயிறும், இரண்டு சாண் இரும்புக் கம்பிகளும் போட்டேன். வானிலை அறிக்கையில் காற்று என்று இருந்தால் அன்றைக்கு விரிக்காதீர்கள். தீபாவளி இரவும் எடுத்துவிடுங்கள், பட்டாசுப் பொறி பட்டால் பாலியெஸ்டர் ஓட்டையாகிவிடும்.

வாங்குகிறவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையக் கடைகளில் பெரிய தள்ளுபடி வருவது நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. தேன்சிட்டுக்கு அதற்குள் பாதிப் பருவம் முடிந்திருக்கும், ஆனால் தேன்சிட்டுக்குத்தான் கூடாரம் வேண்டாமே. கதிர்க்குருவி, நவம்பரைத் தாண்டியும் நீளும் இந்த ஊர்க் கோடை முழுக்கக் கூடு கட்டும், தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். போன முறை அதே கூடாரம் 1,300 ரேண்டுக்கு இறங்கியதாகப் பக்கத்துத் தெரு அண்ணன் சொன்னார். நான் வாங்கி முடித்த பிறகுதான் சொன்னார்.